‘எல்லாம் நல்லம்’ என்று எழுதிக் கொடுத்த சனம்

அந்தத் திரையில் எங்கள் வட்டாரம் மட்டும் முழுப் பச்சையாக இருந்தது.

பள்ளிக்கூட ஜிம்மில் கூட்டம். தை மாதக் கடைசியாக இருக்கவேண்டும். வெளியே பனி கொட்டி, உருகி, திரும்பவும் இறுகியிருந்தது. உள்ளே நனைந்த சப்பாத்து மணமும் தரை மெழுகு மணமும். யாரோ தாளித்த கையோடு ஓடி வந்திருக்கவேண்டும், அவர்களின் கோட்டிலிருந்து வெங்காயமும் கறிவேப்பிலையும் மணத்தன. மடக்குக் கதிரைகள் முழுக்க எங்கள் சனம். முன்னால் உயரமான, நரைத்த மனிதர் ஒருவர் நின்று திரையில் படங்களை மாற்றிக்கொண்டிருந்தார்.

அவர்தான் சுப்பர்வைசர். எங்கள் கல்விச் சபையைத் தன் கையில் எடுத்துக்கொண்ட மாகாண அரசு, அதை நடத்துவதற்கு அனுப்பிய ஆள்.

“பெற்றோரிடம் இணையத்தில் கருத்துக் கேட்டோம். மற்ற வட்டாரங்களில் மஞ்சளும் சிவப்பும்தான் கூட. இங்கே பாருங்கள், எல்லாம் பச்சை! ஐந்து நட்சத்திரத்துக்கு ஐந்தையும் தந்திருக்கிறீர்கள். இவ்வளவு திருப்தியான பெற்றோரை நான் வேறெங்கும் காணவில்லை. நன்றி” என்றார் ஆங்கிலத்தில்.

எங்கள் சனம் கைதட்டியது.

நான் பின்வரிசையில் இருந்தேன். கைதட்டுகிறவர்களின் பிள்ளைகள் ஏறிப் போன பள்ளிக்கூட பஸ்ஸை இதே மனிதர் நத்தார் பண்டிகைக்கு முன்னர்தான் நிறுத்தியிருந்தார். அதைச் சொல்லத்தானே இத்தனை பேரையும் வீடு வீடாகப் போய் அழைத்து வந்தேன்! மூன்றாவது வரிசையில் வதனி. அவளுடைய மகள் அபிஷா, ஆறு வயது, தாயின் மடியில் நித்திரை. பிள்ளையை எழுப்பாமல் அதன் தலைக்கு மேலால் கைகளைத் தூக்கி எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள் வதனி.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

போன கிழமை இந்தப் பத்தியில், நான் தேர்தலில் வென்ற கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு அம்மா கோயிலில் என்னை மறித்து, “வெண்டது சரி தங்கச்சி, பிறகு உம்மைப் பதவியால இறக்கிப்போட்டினம் எண்டு கேள்விப்பட்டன், அதை ஏன் எழுதேல்லை?” என்று கேட்டார். எழுதாமல் விடுவேனா? வென்ற கதையைவிட இது நல்ல கதை.

அட்டை திறக்காத கதவு

ட்ரஸ்டி என்றால் யாரென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பள்ளிக்கூடங்களை நடத்தும் கல்விச் சபைக்கு ஒவ்வொரு வட்டாரத்துச் சனமும் வாக்குப் போட்டு அனுப்பும் ஆள்தான் ட்ரஸ்டி. எங்கள் வட்டாரத்துக்கு நான்.

எங்களில் பிழையே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். வருஷா வருஷம் பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. அதைச் சரிக்கட்டக் கூடிய கூட்டங்களிலும் சண்டைதான். ஒருமுறை, கூட்டத்தை ஒத்திவைக்கலாமா வேண்டாமா என்ற விவாதத்திலேயே கூட்டம் முடிந்துபோனது. தாடிக்கார ட்ரஸ்டி ஒருவருக்கும் எனக்கும் ஜென்மப் பகை. அவர் இரவு என்றால் நான் பகல் என்பேன். தொண்டை கிழியக் கத்தியவர்களில் நானும் ஒருத்தி.

ஒருநாள் காலை சபைக் கட்டடத்துக் கதவில் என் அட்டையை வைத்தேன். சிவப்பு வெளிச்சம். துடைத்துவிட்டு வைத்தேன். பிறகும் சிவப்பு. கண்ணாடிக்குப் பின்னால் நின்ற காவலர், எந்த நாளும் எனக்குக் கதவு திறந்துவிடும் கயானாக்காரர், பாவம், கையை விரித்தார்.

மாகாணம் சபையைப் பொறுப்பெடுத்துவிட்டதாம். பேருக்கு நாங்கள் ட்ரஸ்டிகள்தான், ஆனால் கூட்டம் இல்லை, வாக்கு இல்லை, ஈமெயில்கூட இல்லை. யாரும் குறை சொன்னால் சுப்பர்வைசரின் அலுவலகத்துக்கு எழுதச் சொல்ல வேண்டும். அதற்குமேல் எங்களுக்கு வேலை கிடையாது.

வீட்டுக்கு வந்து அழுதேன். என் கணவர் குகன் தேத்தண்ணி போட்டுத் தந்து, “சரி விடும். ஆனைக்கும் அடி சறுக்கும்” என்றார்.

“நான் ஆனையோ?” என்று அவரோடும் ஒரு சண்டை பிடித்தேன். சபையில் பிடிக்க வழியில்லையே.

வரைபடம் சொன்ன தூரம்

வதனி மட்டக்களப்புக்காரி. நெடுஞ்சாலை ஓரத்தில் உயர்ந்த மாடிக் கட்டடங்கள் மூன்று நிற்கின்றன, அவற்றில் நடுக் கட்டடத்தில் பதினோராம் மாடி. பாண் சுட்டுப் பொதிசெய்யும் தொழிற்சாலையில் வேலை. கணவர் லொறி ஓடுகிறார், கிழமையில் பாதி நாள் வீட்டில் இல்லை.

முன்பெல்லாம் எட்டு மணிக்கு மூன்று கட்டடத்துக்கும் சேர்த்து ஒரு மஞ்சள் பஸ் வரும். அபிஷாவை அதில் ஏற்றிவிட்டு ஓடினால் எட்டரைக்கு வதனி வேலையில் நிற்பாள்.

சுப்பர்வைசர் வந்ததும், எந்தெந்த பஸ்ஸைக் குறைக்கலாம் என்று பார்க்க ஒரு கணினி வரைபடம் போட்டார்கள். அந்தக் கட்டடங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடக்கிற தூரம்தான் என்றது வரைபடம். அது பொய்யில்லை, நடக்கிற தூரம்தான். ஆனால் வழியில் நானூற்றொன்றாம் இலக்க நெடுஞ்சாலைக்கு வாகனங்கள் ஏறுகிற வளைவு இருக்கிறது. அங்கே சிக்னல் இல்லை. வளைவுக்கு வந்ததும் எல்லா வாகனமும் வேகத்தைக் கூட்டும். அந்த இடத்தைப் பிள்ளைகள் குறுக்கே கடக்கவேண்டும் என்பதை வரைபடம் சொல்லவில்லை.

ஆறு வயதுப் பிள்ளையை அதில் தனியே விட முடியுமா? வதனி கூட்டிக்கொண்டு போய் விட்டாள். வேலைக்குப் பிந்தினாள். ஒருமுறை, இரண்டு முறை, பிறகு தினமும். இனியும் பிந்தினால் வரவேண்டாம் என்று தொழிற்சாலையில் கடிதமே கொடுத்துவிட்டார்கள். தங்கை தூரத்தில் அஜக்ஸ் நகரத்தில் இருக்கிறாள், அங்கே வந்துவிடு என்கிறாள். வேலை இங்கே இருக்க அங்கே போய் என்ன செய்வது?

அந்த பஸ் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான். வராவிட்டால் வேலை போய்விடும், வேலை போனால் அந்த வீட்டை வைத்திருக்க முடியாது.

இப்படிப்பட்டவள்தான் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து கார் தரிப்பிடத்தில் அவளைப் பிடித்தேன்.

“வதனி, நீர் எத்தினை ஸ்ரார் போட்டனீர்?”

“அஞ்சுதான் அக்கா.”

“பஸ்ஸை வெட்டினவைக்கு அஞ்சோ!”

“பஸ்ஸைப் பத்தி அதில கேக்கல்லையே. உங்கட பள்ளிக்கூடம் எப்படி எண்டுதான் கேட்டிருந்த. ரீச்சர் நல்லாத்தானே படிப்பிக்கிறா. அவக்குக் குறைச்சுப் போடுறது பாவம் அக்கா.”

“கீழ ஒரு பெட்டி இருந்ததே, வேற ஏதும் சொல்ல இருக்கோ எண்டு?”

“எல்லாம் நல்லம், நன்றி எண்டு எழுதின.”

“ஏன் பிள்ளை?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “புள்ள படிக்கிற வகுப்பும் கேட்டிருந்தாங்க அக்கா. தாய் குறை சொன்னா அந்தக் கோபத்தப் புள்ளையிலதானே காட்டுவாங்க.”

விசாரித்துப் பார்த்தேன். மூன்று கட்டடத்திலும் எல்லாரும் அதையேதான் எழுதியிருந்தார்கள். எங்கள் வட்டாரம் பச்சையான கதை அதுதான்.

பார்க்டேலில் ஒரு பச்சைக்கிளி

ஏசத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவளை ஏச எனக்கென்ன யோக்கியதை?

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நகரத்தின் மறுபக்கத்தில், பார்க்டேலில் இருந்தோம். ஓர் அறை, ஒரு மெத்தை, கரப்பான்பூச்சிக்கும் எங்களுக்கும் பொதுவான ஒரு குசினி. மூத்த மகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அவளுக்கு ஆங்கிலம் வராது என்று நிலக்கீழ் அறையில் ஒரு தனி வகுப்பில் இருத்தினார்கள். தினமும் ஒரு கிளிப் படத்துக்குப் பச்சை நிறம் தீட்டிக்கொண்டு வருவாள். ஊரில் வாய்ப்பாடு சொன்ன பிள்ளை அவள். ஒரு முழு வருஷம் கிளிக்கு நிறம் தீட்டினாள்.

பெற்றோரைச் சந்திக்கும் நாளில் ஆசிரியை என்னைப் பார்த்து, ஏதாவது குறை உண்டா என்று அன்பாகத்தான் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வெரி குட் மடம், தாங்க் யூ மடம்.” சொன்னதோடு நிற்கவில்லை. பயத்தம் பணியாரம் சுட்டு ஒரு தகரப் பேணி நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எங்கள் மாடியிலேயே போலந்துக்காரி ஒருத்தி இருந்தாள். என்னைவிட மோசமான ஆங்கிலம். அவளுடைய மகனும் அதே நிலக்கீழ் வகுப்பில்தான் இருந்தான். அவள் அதிபரின் மேசையில் ஓங்கி அடித்து, “மை சண் நொற் பெயின்ரர்!” என்று கத்தினாள். அடுத்த திங்கள் பையன் மேல்மாடி வகுப்புக்குப் போய்விட்டான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது எங்கள் பழமொழி, ஆனால் அதன்படி நடந்தவள் போலந்துக்காரி.

எங்களுக்கு மேலிடத்தோடு பேசத் தெரிந்தது ஒரேயொரு விதம். என் தகப்பனார் அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் எழுதினால் முதல் ஒன்றரைப் பக்கமும் துரையவர்களின் கருணையைப் புகழ்வார். ரோட்டு உடைந்த கதை கடைசி வரியில் வரும். துரை அதுவரை வாசித்திருப்பாரா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பிள்ளையின் அந்த ஒரு வருஷம் என்னை விடவே இல்லை. பிற்காலத்தில் நான் தேர்தலில் நின்றதற்கு ஆயிரம் காரணம் சொன்னேன். உண்மையான காரணம் அந்தக் கிளி.

நிகழ்ச்சி நிரல்: புட்டு

யோசனை வதனியுடையது. அதே கார் தரிப்பிடத்தில், குளிரில் காலை உதறிக்கொண்டு நின்று சொன்னாள்.

“அக்கா, அந்த ஐயாவ ஒருநாள் காலமச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவமா?”

“எதுக்கு? பஸ்ஸை வெட்டினதுக்குப் பரிசோ?”

“இல்லக்கா. எழுத்தில எங்களுக்குச் சொல்ல வராது. மைக்கில சொல்ல வெக்கம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டாரெண்டா, பிறகு மனுசன்தானே.”

முதலில் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்கச் சிரிப்பு நின்றுவிட்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்த சனம் நாங்கள். வேறு எந்த வழியும் எங்களுக்குப் பழக்கமில்லை.

அன்றைக்கே எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. அவருடைய உதவியாளர் பெண் மிக மரியாதையாகக் கேட்டிருந்தாள்: இது எந்த வகையான சந்திப்பு, யார் யார் கலந்துகொள்வார்கள், நிகழ்ச்சி நிரல் என்ன?

“புட்டு எண்டு எழுதும்” என்றார் குகன்.

நான் அப்படியே எழுதினேன். முதலாவது விடயம் புட்டு, இரண்டாவது விடயம் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்கு நடப்பது. இனி அந்தச் சுப்பர்வைசரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லவேண்டும், அந்த நிரலைப் படித்துவிட்டு, கட்டாயம் வருகிறேன் என்று எழுதினார்.

பதினோராம் மாடி

மாசி மாதத்தில் ஒரு காலை, விடிந்தும் விடியாத ஏழு மணி. அந்தக் கட்டடத்து எலிவேற்றர் இரண்டில் ஒன்று வேலை செய்யாது, மற்றது நினைத்தால் வேலை செய்யும். சுப்பர்வைசர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, யாரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். அந்த இடத்திலேயே பெண்கள் எல்லாரும் அவரை மன்னித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வதனியின் சின்ன வீட்டில் மூன்று கட்டடத்துத் தாய்மாரும் நிரம்பிவிட்டார்கள். ஆளுக்கொரு சட்டி. புட்டு, பால் புட்டு, கட்டாச் சம்பல், முட்டைப்பொரியல், ஒரு சீப்பு வாழைப்பழம். பிள்ளைகள் பனிக் காற்சட்டைகளோடு சுவர் ஓரமாக வரிசையாக இருந்து அவர் உண்பதைப் பார்த்தார்கள். சம்பலின் உறைப்பில் அவருக்குக் கண்ணீர் வந்தது. ஆனாலும் விடவில்லை, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார்.

பிறகு துடைத்த கையோடு நிமிர்ந்து எல்லாரையும் பார்த்துக் கேட்டார்: “பள்ளிக்கூடத்தைப் பற்றி உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?”

இதற்குத்தானே இவ்வளவும்!

“நோ நோ சேர். எல்லாம் வெரி குட்.”

ஒருத்தியல்ல, ஐந்தாறு பேர் ஒன்றாக! வதனியும் சேர்ந்து! சொன்னதோடு இன்னொரு அகப்பை புட்டும் வைத்தாள். நான் அவளுடைய இடுப்பில் நறுக்கென்று கிள்ளினேன். “விருந்தாளியக்கா” என்று வாயசைத்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியப் போகிறது. நானே சொல்லிவிடலாம். ஆனால் நான் சொன்னால் பதவி போன ஆத்திரத்தில் பேசுகிறாள் என்று ஆகிவிடும். வெறும் சட்டிகளை அடுக்கத் தொடங்கினேன்.

எட்டு மணி. பிள்ளைகள் தொப்பியைப் போட்டார்கள். நிகழ்ச்சி நிரலின் இரண்டாவது விடயம்.

ஓடிக் கடந்த வளைவு

நடைபாதையின் மூலையில் பனி அள்ளும் வண்டி ஒதுக்கிய பனி, வளர்ந்த ஆளின் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது. பிள்ளைகள் நாலு காலில் அதில் ஏறி மறுபக்கம் சறுக்கினார்கள். சுப்பர்வைசரும் கையூன்றி ஏறினார். அவருடைய சப்பாத்து அலுவலகச் சப்பாத்து, அதற்குள் பனி போய்விட்டது.

வளைவுக்கு வந்தோம். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி, வேகமெடுத்து, நெடுஞ்சாலைக்குப் பறந்தன. ஒரு லொறி போனது. கபில நிறப் பனிச்சேறு அவருடைய கோட்டில் தோள்வரைக்கும் அடித்தது. அவர் இரண்டடி பின்வாங்கினார்.

அபிஷா அவருடைய கையைப் பிடித்தாள். அவளுக்கு இது தினசரி வேலை. “வெயிற்... வெயிற்... நொற் யெற்...” என்று பொறுக்கச் சொன்னாள், கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல். இரண்டு கார்களுக்கு இடையில் ஒரு இடைவெளி வந்தது. “இப்ப! ரன்!”

ஓடினோம். நாங்கள் எல்லாரும். அந்த நரைத்த மனிதர் ஆறு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டு பறக்க ஓடியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எங்களுக்குப் பின்னால் ஹோர்ன் அடித்தபடி ஒரு வான் போனது.

மறுகரையில் அவருடைய முகம் வெளிறியிருந்தது. பிள்ளையின் கையை இன்னும் விடவில்லை.

“ஒவ்வொரு நாளுமா இப்படி?” என்று வதனியிடம் கேட்டார்.

அவளுடைய வாய் பழக்கத்தில் “நோ ப்ரொப்ளம்” என்று திறந்ததை நான் கண்டேன். அப்போது மகளைக் குனிந்து பார்த்தாள். முழங்கால் வரை நனைந்த காற்சட்டை. வாயை மூடினாள். பிறகு நிமிர்ந்து, எனக்குத் தெரிந்த வதனியே இல்லாத ஒரு குரலில் சொன்னாள்:

“நொற் குட் சேர். வெரி பாட். வன் ஸ்ரார்.”

அவர் திகைத்துவிட்டார். “அப்படியென்றால் ஏன் ஐந்து போட்டீர்கள்?”

வதனி என் பக்கம் திரும்பினாள். “அக்கா, இத வடிவாச் சொல்லுங்க. அப்ப அவர எனக்குத் தெரியா. தெரியாத ஆளிட்டப் போய் வீட்டுக் குறையச் சொல்றதா? இப்ப எங்கட வீட்டில சாப்பிட்டிருக்கார். இனிச் சொல்லலாம்.”

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். அதன்பிறகு யார் நிறுத்துவது! அத்தனை தாய்மாரும் பள்ளிக்கூட வேலியோரம் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பஸ், வளைவு, வேலையில் கொடுத்த கடிதம், தையில் அந்த இடத்திலேயே விழுந்து பல்லுடைந்த பிள்ளை. தமிழும் ஆங்கிலமுமாகக் கொட்டினார்கள். நான் மொழிபெயர்த்துக் களைத்தேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “எனக்குக் கீழே எத்தனையோ பள்ளிக்கூடங்கள். இந்த வளைவை எனக்கு யாரும் காட்டவில்லை.”

“காட்டுவதற்குத்தான் இந்தச் சனம் ஒரு ஆளை வாக்குப் போட்டு அனுப்பியிருந்தது. அந்த ஆளின் அட்டைக்கு உங்கள் கதவு திறக்கவில்லை” என்றேன்.

கத்தவில்லை. என் வாழ்க்கையில் கத்தாமல் பேசிய ஒரே விவாதம் அதுவாகத்தான் இருக்கும். அதில்தான் வென்றேன்.

சிவந்த வட்டாரம்

மறுநாளே பஸ் வந்துவிடவில்லை. கோடை வரைக்கும் பஸ் கொம்பனிகளோடு செய்த ஒப்பந்தத்தை மாற்ற முடியாது என்று அவர் எழுதினார். ஆனால் அடுத்த கிழமை அந்த வளைவில் செம்மஞ்சள் சட்டையோடு, நிறுத்தற் பலகை பிடித்த ஒரு ஆள் நின்றார். பிள்ளைகளை முறை வைத்துக் கூட்டிப் போக மூன்று கட்டடத்துத் தாய்மாரும் ஒரு பட்டியல் போட்டார்கள். வதனியின் முறை அவளுக்கு வேலையில்லாத நாளில். வேலை தப்பியது.

அந்தச் சாப்பாட்டுக் கதை கட்டடத்துக்குக் கட்டடம் பரவி, வேறு வட்டாரங்களுக்கும் போனது. திபெத்துக்காரர் மோமோ அவித்து அழைத்தார்கள். சோமாலியத் தாய்மார் தேநீருக்கு அழைத்தார்கள். எல்லா இடத்துக்கும் மனிதர் போனார். போன இடமெல்லாம் ஒரு வளைவோ, ஒழுகும் கூரையோ, மூடிக் கிடக்கும் நூலகமோ இருந்தது.

வசந்தத்தில் இரண்டாவது கருத்துக் கணிப்பு வந்தது. நான் யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் வட்டாரம் மிளகாய்த்தூள் நிறத்தில் சிவந்து போயிருந்தது. குகன் அந்தப் படத்தைப் பெரிதாக்கி அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். இப்போதும் இருக்கிறது.

அவர் மாகாணத்துக்குக் கொடுத்த அறிக்கையை நானும் வாசித்தேன். பட்ஜெட்டை ஒருவாறு நிமிர்த்திவிட்டதாக எழுதியிருந்தார். அது உண்மைதான், எங்களால் முடியாததை அவர் செய்தார், அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ஒவ்வொரு வட்டாரத்திலும் சனம் தயக்கமில்லாமல் பேசக்கூடிய, அவர்களே தெரிவுசெய்த ஒருவர் இல்லாமல் இந்தச் சபையை நடத்த முடியாது.

அந்த ஒரு வரிக்காகவே அவருக்கு இன்னொரு முறை புட்டு அவித்திருக்கலாம்.

ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. சபை திரும்பவும் எங்கள் கையில். அட்டவணைப்படி பட்ஜெட், ஒழுங்கான கூட்டம், ஒருவரையொருவர் ஏசக்கூடாது என்று நிபந்தனைகள் ஒரு கட்டு. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். கடைசியானதில் மட்டும் கொஞ்சம் யோசித்துப் போட்டேன்.

ஐந்து நிமிடம்

திரும்பிக் கூடிய முதற்கூட்டத்தில் பார்வையாளர் பகுதி நிரம்பி வழிந்தது. என் பிரேரணை சின்னது. ஒரு பஸ்ஸை நிறுத்துவதற்கு முன்னர், அந்தப் பிள்ளைகளின் வழியை ஒரு பெரிய ஆள் காலால் நடந்து பார்க்கவேண்டும். நடந்து பார்க்காமல் நிறுத்தியவற்றைத் திரும்ப விடவேண்டும்.

பேச விரும்பும் பெற்றோருக்கு ஐந்து நிமிடம். வதனி எழும்பினாள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள், கூந்தலில் பாண் மா ஒட்டியிருந்தது. மைக்கைப் பிடித்தாள். நன்றி சொல்லித் தொடங்கப் போகிறாள் என்று நான் பயந்தேன்.

நன்றி சொல்லவில்லை. “மை நேம் இஸ் வதனி. ஐ வோக் வித் மை டோட்டர். ஐ ரெல் யூ வட் ஐ சீ” என்று தொடங்கினாள். பனி மேட்டிலிருந்து ஒவ்வொரு அடியாகச் சொல்லி அத்தனை பேரையும் நடத்திக்கொண்டு போனாள். ஐந்து நிமிட மணி அடித்தபோது வளைவின் நடுவில் நின்றாள். தலைவர் நிறுத்தச் சொல்லவில்லை.

வாக்கெடுப்பு. ஒரு கை, இரண்டு கை, பிறகு எண்ணத் தேவையில்லாமல் போனது. தாடிக்கார ட்ரஸ்டியும் கையைத் தூக்கியிருந்தார், அதுவும் இரண்டு கையை. பார்வையாளர் பகுதி எழுந்து நின்றது. தலைவர் அமைதி, அமைதி என்று சுத்தியலால் தட்டினார், யார் கேட்டது? நான் வெட்கமில்லாமல் அழுதேன். பார்க்டேலில் அழவேண்டிய அழுகையையும் சேர்த்து அழுதேன்.

புரட்டாதியில் மஞ்சள் பஸ் வந்தது. முதல் நாள் போய்ப் பார்த்தேன். அபிஷா படியில் ஏறி, திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. வதனி அந்தப் பக்கமாக வேலைக்கு ஓடினாள்.

மீன்கடையில்

இரண்டு கிழமை கழித்துச் சனிக்கிழமை. தமிழ்க் கடையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

“அக்கா! நீங்க என்ன ட்ரஸ்டி?”

வதனி. இடுப்பில் கை. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“பஸ் விட்டா மட்டும் போதுமா? கிழமை முழுக்கப் பத்து நிமிசம் பிந்தி வந்த. புள்ளைகள் மழையில நிக்குது. கொம்பனிக்காரனக் கேட்டீங்களா? வோட்டு வாங்கக்குள்ள மட்டும் பதினோராம் மாடி ஏறத் தெரியும்!”

நான் வாய் திறக்க முதல் தேங்காய்ப் பக்கம் நின்ற ஒரு தகப்பன், “ஓம் ட்ரஸ்டி அக்கா, எங்கட ஸ்கூல் கூரை போன வருசத்தில இருந்து ஒழுகுது, அதையும் ஒருக்காக் கேளுங்கோ” என்றார். காசு கட்ட நின்ற பெண், பிரெஞ்சு ரீச்சரே இல்லை என்று அங்கிருந்தே கத்தினாள். பார்க்டேலில் வாயே திறக்காமல் பணியாரம் கொடுத்த சனம்! எனக்கு மனம் நிறைந்துபோய்ச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்கும் வதனி ஏசினாள்.

“சரி, ஒவ்வொருத்தராச் சொல்லுங்கோ” என்று கைப்பையிலிருந்து பேனையை எடுத்து, மீன் சுற்றும் தாளில் ஒன்றைக் கேட்டேன்.

கடைக்காரர் இரண்டு தாளாகக் கிழித்துத் தந்தார். “முதல் என்ர குறையை எழுதுங்கோ அக்கா” என்றார், கத்தியைக் கீழே வைத்துவிட்டு.